பள்ளி கோர்ட்டிலிருந்து கல்லூரி அணிக்கு: அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடும் பிள்ளையின் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பையன் ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியின் முதன்மை அணியான வர்சிட்டியில் இடம் பிடித்துவிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டத்தில் 22 பாயிண்ட் எடுத்தான். ஜிம்மை விட்டு வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தோளைத் தொட்டு, "உங்கள் மகன் காலேஜில் ஆடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கும் வந்திருக்காது.

மறுநாள் யாரைக் கேட்பது என்பதுதான் பிரச்சினை. எஸ்ஏடி, ஏபி வகுப்பு, கம்ப்யூட்டர் சயன்ஸ் சேர்க்கை என்று எதைக் கேட்டாலும் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலேயே பத்துப் பேர் பதில் சொல்வார்கள். ஒரு கல்லூரி கோச் தன் அணிக்குப் பையனை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் இருப்பது வட கரோலினாவில், சார்லட் பக்கம். என் மகன் 6 அடி 2 அங்குலம், பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன். இப்போது ஒரு டிவிஷன் 3 கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஆடுகிறான். அங்கே போய்ச் சேர்வதற்குள் நான்கு ஆண்டு தடுமாறினோம். உங்களுக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பையன்களின் கூடைப்பந்தை வைத்தே எழுதியிருக்கிறேன். மகள் ஆடுகிறாள் என்றாலும் படிகள் இவைதான். கோச்சுகள் பேசத் தொடங்கும் தேதிகளை மட்டும் பெண்கள் கூடைப்பந்து நாட்காட்டியில் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த மட்டத்தில் ஆடக்கூடியவன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம் பையன்கள் பள்ளிக் கூடைப்பந்து ஆடுகிறார்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பு என்சிஏஏ; அதில் டிவிஷன் 1, 2, 3 என்று மூன்று மட்டங்கள், 1 தான் மேல் மட்டம். அந்தப் பையன்களில் என்சிஏஏ கல்லூரி அணிகளுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர். டிவிஷன் 1 வரை போகிறவர் நூற்றுக்கு ஒருவர். மனம் தளர்வதற்காக இதைச் சொல்லவில்லை. கல்லூரி ஆட்டம் என்றாலே டிவிஷன் 1 மட்டும்தான் என்று வீட்டில் பேசிப் பழகிவிட்டால், நல்ல இடம் கிடைத்தபோதும் பையன் தோற்றுப்போனதாக நினைப்பான். அதற்காகச் சொல்கிறேன்.

டிவிஷன் 1-இல் சுமார் 360 கல்லூரிகள் இருக்கின்றன. டிவியில் நாம் பார்க்கும் டியூக், கன்சாஸ், கென்டக்கி எல்லாம் அதில் ஒரு சிறு பகுதி. டிவிஷன் 2-இல் சுமார் 300 கல்லூரிகள். அங்கே ஸ்காலர்ஷிப் உண்டு, ஆனால் பத்து முழு ஸ்காலர்ஷிப்புக்கு ஈடான தொகையைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். டிவிஷன் 3-இல் 400-க்கு மேல். விளையாட்டுக்கென்று ஒரு டாலர் கூட அங்கே கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவித்தொகை மட்டும்தான். எம்ஐடி, கால்டெக், சிகாகோ பல்கலைக்கழகம், எமரி, கார்னகி மெலன், வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் எல்லாமே டிவிஷன் 3 என்று தெரிந்தபோது என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். இவை தவிர என்ஏஐஏ என்ற தனி அமைப்பின் கல்லூரிகளும், ஜூகோ என்று சொல்லப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகளும் உண்டு.

ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் முதலான எட்டு ஐவி லீக் கல்லூரிகள் ஆடுவது டிவிஷன் 1-இல்தான். ஆனாலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை. குடும்பத்தின் தேவையைப் பொறுத்துத்தான் உதவி.

பையனின் மட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அவனுடைய பாயிண்ட் கணக்கு உதவாது, ஏனென்றால் யாருக்கு எதிராக எடுத்தான் என்பதைப் பொறுத்தது அது. நான் செய்ததில் பலன் தந்தவை இரண்டு. பக்கத்தில் இருக்கும் டிவிஷன் 3, டிவிஷன் 2, சிறிய டிவிஷன் 1 கல்லூரி ஆட்டங்களுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். ஸ்டார் வீரர்களை விட்டுவிட்டு, பெஞ்சில் ஒன்பதாவது, பத்தாவதாக உட்காரும் கார்டு வார்ம்-அப்பில் எப்படி ஓடுகிறான், எவ்வளவு வேகமாகப் பந்தை எறிகிறான் என்று பார்த்தோம். மூன்றாவது ஆட்டத்தில் அவனே சொன்னான்: "அப்பா, இங்க என்னால ஆட முடியும். போன வாரம் பார்த்தோமே, அங்க முடியாது." நான் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

இரண்டாவது, எதிரணியின் பள்ளி கோச்சிடம் கேட்டது. நம் பையனின் கோச் நம்மைச் சங்கடப்படுத்த மாட்டார். காசு வாங்கும் தனிப்பயிற்சியாளர் இன்னும் ஒரு வருஷம் பயிற்சி வேண்டும் என்பார். எதிரணி கோச்சுக்கு இதில் லாபமும் இல்லை, மறைக்க ஒன்றும் இல்லை. "எந்த மட்டத்தில் ஆடுவான் என்று நினைக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

மட்டம் என்பது நிலையானதும் இல்லை. ஸ்டீஃபன் கர்ரி எங்கள் ஊர் சார்லட் கிறிஸ்டியன் பள்ளிப் பையன். அப்பா டெல் கர்ரி படித்த வர்ஜீனியா டெக்கே ஸ்காலர்ஷிப் தர முன்வரவில்லை. வாக்-ஆனாக, அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல், வேண்டுமானால் வரலாம் என்றது. இங்கிருந்து இருபது மைல் வடக்கே இருக்கும் டேவிட்சன் கல்லூரியின் கோச் பாப் மெக்கிலப் அவரை எடுத்தார். 2008-இல் அந்தச் சின்னக் கல்லூரி தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. டங்கன் ராபின்சன் டிவிஷன் 3 வில்லியம்ஸ் கல்லூரியில் தொடங்கி மிச்சிகனுக்கு மாறி, 2020-இல் மயாமி ஹீட் அணிக்காக என்பிஏ இறுதிப்போட்டி ஆடினார். இவர்கள் விதிவிலக்குகள், உண்மைதான். ஆனால் இருவருமே தங்களை ஆடவிட்ட இடத்தில் தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

படி 2: ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். உயரம் நம் கையில் இல்லை. கோச்சின் விருப்பம் நம் கையில் இல்லை. மதிப்பெண் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

டிவிஷன் 1-க்கு 16 கோர் பாடங்கள், அதாவது தகுதிக்கு என்சிஏஏ கணக்கில் எடுக்கும் பாடங்கள், முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று (அல்ஜீப்ரா 1-உம் அதற்கு மேலும்), அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, ஆங்கிலம்-கணிதம்-அறிவியலில் ஏதாவது ஒன்று கூடுதலாக ஒரு ஆண்டு, மீதி நான்கு ஆண்டுக்கு மொழி, தத்துவம் போன்ற மற்றவையும் சேரும். இந்தப் பாடங்களின் ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) மட்டும் 2.3 இருக்க வேண்டும். டிவிஷன் 2-க்கு 2.2. தகுதிக்கு எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேண்டும் என்பதை என்சிஏஏ 2023 ஜனவரியில் கைவிட்டது.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. அந்தப் பதினாறில் பத்துப் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு, ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். கடைசி வருஷம் உட்கார்ந்து சரி செய்துவிடலாம் என்பது நடக்காது. இன்னொன்று: உங்கள் பள்ளியின் எந்தெந்தப் பாடங்கள் கோர் பாடமாக ஏற்கப்படும் என்ற பட்டியல் என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டர் இணையதளத்தில் பள்ளிவாரியாக இருக்கிறது (வீரர்களின் தகுதியைச் சரிபார்க்கும் பிரிவு அது). கோடையில் ஆன்லைனில் எடுத்த பாடம் அதில் இல்லாமல் போகலாம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் கவுன்சலரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்பை இந்தியாவில் படித்துவிட்டு வந்த பையன் என்றால் அந்த மதிப்பெண் பட்டியல்களையும் அனுப்ப வேண்டும். ஊரில் இருக்கும் தாத்தாவைப் பழைய பள்ளிக்கு அனுப்பி முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

2.3 என்பது தகுதிக்கு மட்டும். 3.8, 3.9 வைத்திருக்கும் பையனுக்கு நடப்பது வேறு கதை. ஐவி லீக் கோச் தான் கேட்கும் வீரர்களின் மதிப்பெண்ணையும் தேர்வையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவுகோலுக்குள் அடங்கியாக வேண்டும். நன்றாக ஆடும் பையன்களில் பாதிப் பேர் அங்கேயே கழிந்துவிடுவார்கள். படிப்பில் பெயர் பெற்ற டிவிஷன் 3 கல்லூரிகளிலும் இதே நிலைமை. ஒரே அளவு ஆடும் நான்கு கார்டுகளில் அட்மிஷன் அலுவலகம் தடை சொல்லாத பையனைத்தான் கோச் பட்டியலில் மேலே வைப்பார். என்சிஏஏ கேட்காவிட்டாலும் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு போன்றவை மறுபடியும் எஸ்ஏடி அல்லது ஏசிடி கேட்கின்றன. பதினோராம் வகுப்பு டிசம்பருக்குள் ஒரு நல்ல மதிப்பெண் கையில் இருந்தால், அடுத்த கோடை முழுக்க ஆட்டத்துக்குக் கிடைக்கும்.

நம் வீடுகளில் "விளையாட்டா, படிப்பா" என்றுதான் கேட்டுப் பழகியிருக்கிறோம். இந்த விஷயத்தில் படிப்புதான் பையனை ஆட வைக்கிறது. என் மகனிடம் இதை நான் சொன்னபோது கேட்கவில்லை. ஒரு கோச் அவன் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுக் குரல் மாறிப் பேசினார். அதற்கப்புறம் கெமிஸ்ட்ரிக்கு நான் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

படி 3: கோடையில் எந்த அணியில் ஆடுவது

பள்ளி சீசன் நடக்கும் அதே மாதங்களில் கல்லூரி கோச்சுகளுக்கும் ஆட்டம் இருக்கிறது. அதனால் அவர்கள் பையன்களை அதிகம் பார்ப்பது ஏப்ரலிலும் ஜூலையிலும், கிளப் அணிகளின் போட்டிகளில். எல்லோரும் ஏஏயு என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். நைக்கி நடத்தும் ஈஒய்பிஎல், அடிடாஸின் 3எஸ்எஸ்பி, அண்டர் ஆர்மர் சர்க்யூட் மூன்றும் மேல்தட்டு. ஈஒய்பிஎல்லின் பீச் ஜாம் ஜூலையில் தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் நடக்கும்போது பெரிய கல்லூரிகளின் ஹெட் கோச்சுகள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். டிவிஷன் 1 கோச்சுகள் நேரில் வந்து பார்க்க அனுமதிக்கப்பட்ட வார இறுதிகளை லைவ் பீரியட் என்பார்கள். ஜூனில் பள்ளி அணிகளுக்கென்றே சில லைவ் வார இறுதிகள் உண்டு. உங்கள் பள்ளி கோச் அதில் அணியைச் சேர்க்கிறாரா என்று குளிர்காலத்திலேயே கேளுங்கள்.

ஷூ கம்பெனி பெயர் போட்ட ஜெர்ஸி என்றதும் மனம் மயங்கும். நாங்களும் மயங்கினோம். பத்தாம் வகுப்புக் கோடையில் பெரிய சர்க்யூட் அணி ஒன்று கூப்பிட்டதும் சேர்த்துவிட்டோம். அட்லான்டா, இண்டியானாபோலிஸ், டல்லாஸ் என்று பறந்தோம். ஓட்டல், விமானம், கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு நல்ல பழைய கார் வாங்கியிருக்கலாம். மகன் ஆடியது ஆட்டத்துக்கு ஆறு நிமிடம். பெஞ்சில் இருப்பவனை எந்த கோச்சும் பார்ப்பதில்லை. அடுத்த கோடையில் அவ்வளவாகப் பெயர் தெரியாத ஓர் அணிக்கு மாறினான். ஆட்டத்துக்கு 26 நிமிடம் ஆடினான். முதல் இரண்டு வார இறுதியிலேயே ஆறு கல்லூரிகள் எழுதின.

அணியில் சேர்க்கும் முன் அந்த கோச்சிடம் கேளுங்கள்: என் பையன் என்ன பொசிஷன், எத்தனை நிமிடம்? போன இரண்டு ஆண்டில் உங்கள் அணியிலிருந்து யார் யார் எந்தக் கல்லூரிக்குப் போனார்கள்? கல்லூரி கோச்சுகளோடு நீங்களே பேசுவீர்களா? மூன்றாவது கேள்வி முக்கியம். கல்லூரி கோச்சுகள் பையனைப் பற்றி முதலில் விசாரிப்பது கிளப் கோச்சிடமும் பள்ளி கோச்சிடமும்தான். அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு அணி அணியாக மாறும் குடும்பம் என்று பெயர் வந்துவிட்டால் அதைத் துடைக்க முடியாது.

"நான் அந்தக் கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். 2017 செப்டம்பரில் எஃப்பிஐ நான்கு பெரிய கல்லூரிகளின் அசிஸ்டெண்ட் கோச்சுகளையும் ஒரு ஷூ கம்பெனி நிர்வாகியையும் கைது செய்தது இந்த மாதிரி இடைத்தரகுப் பணத்துக்காகத்தான்.

படி 4: வீடியோவும் மின்னஞ்சலும்

கோச் தானாகத் தேடி வருவார் என்று காத்திருக்காதீர்கள். ஜா மொரான்ட்டை மரே ஸ்டேட் கண்டுபிடித்தது தற்செயல். ஒரு முகாமில் அந்தக் கல்லூரியின் அசிஸ்டெண்ட் கோச் தின்பண்டம் வாங்கப் போனபோது, பக்கத்துச் சின்ன ஜிம்மில் பந்துச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். 2019-இல் அந்தப் பையன் என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டாவது ஆள். அப்படி யாராவது நம் பையனை எட்டிப் பார்ப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

வீடியோ மூன்று, நான்கு நிமிடம் போதும். பாட்டு வேண்டாம், ஸ்லோ மோஷன் வேண்டாம். முதல் முப்பது நொடியில் அவனுடைய மிகச் சிறந்த ஐந்து ஆட்டத் துணுக்குகள். எந்த ஜெர்ஸி எண் என்று தொடக்கத்திலேயே காட்டுங்கள். பந்து போட்டதை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். சரியான பாஸ், டிஃபன்ஸில் கால் நகர்த்துவது, பந்து போனதும் திரும்பி ஓடுவது ஆகியவையும் வேண்டும். அதோடு வெட்டாத முழு ஆட்டம் ஒன்றோ இரண்டோ, நல்ல அணிக்கு எதிராக ஆடியது. ஹைலைட் பார்த்து எந்த கோச்சும் முடிவெடுப்பதில்லை. முழு ஆட்டம் கேட்டால்தான் அவருக்கு உண்மையில் ஆர்வம் என்று அர்த்தம்.

மின்னஞ்சலைப் பையன்தான் எழுத வேண்டும், அவனுடைய முகவரியிலிருந்து. அப்பா எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தலைப்பிலேயே எல்லாம் இருக்கட்டும்: பள்ளி முடிக்கும் ஆண்டு, உயரம், பொசிஷன், ஊர், ஜிபிஏ. உள்ளே ஆறேழு வரி. அந்தக் கல்லூரியை ஏன் நினைக்கிறான் என்று ஒரு வரியாவது உண்மையாக இருக்க வேண்டும்; அவர்கள் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. அப்புறம் வீடியோ இணைப்பு, வரப்போகும் போட்டிகளின் தேதி, கோர்ட் எண், பள்ளி கோச், கிளப் கோச் தொலைபேசி. ஹெட் கோச்சுக்கு மட்டும் அனுப்பாமல், ஆள் சேர்ப்பைக் கவனிக்கும் அசிஸ்டெண்ட் கோச்சுக்கும் அனுப்புங்கள். பதில் எழுதுவது பெரும்பாலும் அவர்தான்.

நாற்பது கல்லூரி கொண்ட பட்டியல் போதும்: எட்டுப் பத்து எட்டாத உயரத்தில், இருபது அவன் மட்டத்தில், மீதி அவன் கண்டிப்பாக ஆடக்கூடிய இடங்கள். ஆயிரம் கோச்சுகளுக்கு அனுப்புகிறோம் என்று காசு கேட்கும் நிறுவனம் ஒன்றுக்கு நான் பணம் கட்டினேன். மொத்தமாக வரும் மின்னஞ்சலை கோச்சுகள் திறப்பதே இல்லை என்று பின்னால் ஒரு கோச்சே சொன்னார்.

படி 5: ஆர்வம் வேறு, ஆஃபர் வேறு

டிவிஷன் 1, டிவிஷன் 2 கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் பையனை அழைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். அதற்கு முன் நாம் எழுதினால் அவர்களால் பதில் எழுத முடியாது. அதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். டிவிஷன் 3-க்கு இந்தத் தேதிக் கட்டுப்பாடு இல்லை.

அந்த ஜூன் 15 நள்ளிரவில் போன் அடிக்கவில்லை என்றால் வீடு அமைதியாகிவிடும். எங்கள் வீட்டில் ஆனது. பெரும்பாலான பையன்களுக்கு அன்று அடிக்காது. நல்ல டிவிஷன் 3 கோச்சுகள் பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில்தான் முழு வேகத்தில் இறங்குகிறார்கள்.

வரும் செய்திகளை எடைபோடக் கற்றுக்கொள்ளுங்கள். முகாமுக்கு வா என்று வரும் கடிதம் ஆயிரம் பேருக்குப் போகிறது. அது கல்லூரியின் வருமானம். படிவம் நிரப்பச் சொல்வது அடுத்த நிலை. அசிஸ்டெண்ட் கோச் பெயர் சொல்லி எழுதுவது நல்ல அறிகுறி. ஹெட் கோச் தானே நேரில் வந்து பார்ப்பதும் தானே பேசுவதும்தான் உண்மையான ஆர்வம். அதற்குப் பிறகுகூட, அணியில் இடம் தருகிறோம் என்ற ஆஃபர் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லும் வரை ஆஃபர் இல்லை. சொன்ன பிறகும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இன்றைக்கே சரி என்று சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா?" பல ஆஃபர்கள் இந்தக் கேள்வியில் கரைந்துவிடும். ஒரே இடத்துக்கு நான்கு பேரிடம் சொல்லி வைத்திருப்பார்கள். வாய்மொழி ஆஃபர் இரு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது.

ஒரு டிவிஷன் 1 கல்லூரியின் அசிஸ்டெண்ட் கோச் எட்டு மாதம் என் மகனுக்கு வாராவாரம் எழுதினார். பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னார். நாங்கள் மற்ற கல்லூரிகளுக்கு எழுதுவதைக் குறைத்துக்கொண்டோம். ஏப்ரல் மாதம் செய்தி நின்றது. ஏன் என்று கேட்டு மகன் எழுதியதற்கும் பதில் இல்லை. அந்த இடத்துக்கு வேறு கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடிய 21 வயது கார்டு ஒருவரை எடுத்துவிட்டார்கள் என்று செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டோம். அவர்மேல் இப்போது கோபம் இல்லை, ஆனால் அந்த மாதங்கள் போனது போனதுதான்.

படி 6: போர்ட்டலும் பணமும்

எங்களுக்கு நடந்தது தனிப்பட்ட துரதிர்ஷ்டம் இல்லை. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது. முன்பெல்லாம் மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டும். 2021-இல் ஒரு முறை தளர்த்தினார்கள். 2024 முதல் படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். 2025-இல் டிவிஷன் 1 ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் போர்ட்டலில் இறங்கினார்கள். ஒரு கோச்சுக்கு இந்த வருஷம் ஜெயிக்க வேண்டும். 18 வயதுப் பையனை வளர்ப்பதைவிட, கல்லூரியில் ஏற்கெனவே ஆடிக் காட்டிய 21 வயதுக்காரரை எடுப்பது அவருக்குப் பாதுகாப்பு. மிகப் பெரிய திறமைசாலிகளுக்கு இதனால் ஒன்றும் இல்லை. நடுவில் இருக்கும் பையன்கள் ஒரு படி கீழே தள்ளப்படுகிறார்கள். அதனால் பட்டியல் போடும்போது அவன் மட்டத்துக்கு ஒரு படி கீழே உள்ள கல்லூரிகளையும் மனதாரச் சேருங்கள்.

பணக் கதை 2021 ஜூலை 1 முதல் மாறியது. அன்றிலிருந்து வீரர்கள் தங்கள் பெயர், முகம் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். என்ஐஎல் என்பது இதுதான். 2025 ஜூன் 6-இல் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த, வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் தீர்வின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்; முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பழைய 13 ஸ்காலர்ஷிப் வரம்பு போய், தீர்வில் சேர்ந்த கல்லூரிகளின் கூடைப்பந்து அணியில் 15 பேர் என்ற வரம்பு வந்தது. ஐவி லீக் இதில் சேரவில்லை.

நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இங்கே ஒரு முள் இருக்கிறது: விசா. ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பையன் படிக்கலாம், ஸ்காலர்ஷிப் வாங்கலாம். வேலை செய்ய முடியாது. என்ஐஎல் விளம்பரப் பணம் வேலையாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. மாணவர்களுக்கான எஃப்-1 விசாவிலும் இதே சிக்கல். கென்டக்கியில் ஆடிய காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் ஷீப்வே, 2022-இல் அணி பஹாமாஸ் போனபோது அந்த மண்ணில் வைத்துத்தான் விளம்பர வேலைகளைச் செய்தார். பையனுக்கு 21 வயதாகும்போது ஹெச்-4 முடிந்துவிடும், எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும். அது கல்லூரி மூன்றாம் ஆண்டு வாக்கில் வரும். எந்தப் பணத்தையும் தொடும் முன், ஒரு சட்டை இலவசமாகக் கொடுத்துப் படம் போடச் சொன்னால்கூட, குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷம் நின்றுவிட்டு இதனால் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

உதவித்தொகையிலும் இதே வேறுபாடு. ஹெச்-4 பையனுக்கு அரசின் கல்வி உதவி கிடையாது. கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தருவது அந்தந்தக் கல்லூரியின் விதியைப் பொறுத்தது. இதை முதல் உரையாடலிலேயே கோச்சிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஸ்காலர்ஷிப்பில் டியூஷனுக்கும் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு வரி உண்டு.

படி 7: நேரில் போய்ப் பார்ப்பதும் கையெழுத்தும்

டிவிஷன் 1 கல்லூரிகள் தங்கள் செலவில் அழைக்கும் அஃபீஷியல் விசிட் பதினோராம் வகுப்பு ஆகஸ்ட் 1-க்குப் பிறகு. மொத்தம் ஐந்துதான் என்ற பழைய வரம்பு 2023-இல் எடுக்கப்பட்டுவிட்டது. டிவிஷன் 3-இல் பதினோராம் வகுப்பு ஜனவரி 1-க்குப் பிறகு.

போனால் பிராக்டிஸ் பாருங்கள். கோச் தவறு செய்த பையனிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். இரவு பையனை அணி வீரர்களோடு விட்டுவிடுங்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள். ஆடாமல் பெஞ்சில் இருக்கும் வீரர்களிடம் பேசச் சொல்லுங்கள், அந்த இடத்தின் உண்மை அவர்களுக்குத்தான் தெரியும். கோச்சிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: அவன் பொசிஷனில் இப்போது யார் யார், எந்த ஆண்டு? போர்ட்டலில் எத்தனை பேர் எடுப்பீர்கள்? ஸ்காலர்ஷிப் ஒரு ஆண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா? காயம் பட்டால்? அவன் எடுக்க நினைக்கும் மேஜரில் மதிய லேப் இருந்தால் பிராக்டிஸ் என்னாகும்? கடைசிக் கேள்விக்கு ஒரு கோச் சிரித்து மழுப்பினார். எங்கள் பட்டியலிலிருந்து அந்தக் கல்லூரியை அன்றே எடுத்துவிட்டோம்.

நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று, இந்தக் கல்லூரிக்குத்தான் வருவேன் எனப் பையன் கையெழுத்திடும் உறுதிக் கடிதத்தைப் பழைய வீடியோக்களில் பார்ப்பீர்கள். 2024 அக்டோபரில் அது ஒழிக்கப்பட்டது. இப்போது கல்லூரியோடு நேரடியாக ஸ்காலர்ஷிப் ஒப்பந்தம். முதல் வாய்ப்பு பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில். பணப்பங்கீடும் அதில் இருந்தால் வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். ஐவியில் ஒப்பந்தம் இல்லை. இடம் கிடைக்கும் என்று சேர்க்கை அலுவலகம் முன்கூட்டியே அனுப்பும் லைக்லி லெட்டர்தான் உறுதி, கோச்சின் வார்த்தை இல்லை. படிப்பில் பெயர் பெற்ற டிவிஷன் 3 கல்லூரிகளில், பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் கோச் பையனின் மதிப்பெண் பட்டியலை சேர்க்கை அலுவலகத்துக்கு முன்கூட்டியே காட்டுவார், ப்ரீ-ரீட் என்பார்கள். அது நல்லபடி வந்து, கோச்சும் தன் ஆதரவைத் தருவதாகச் சொன்னால், ஏர்லி டிசிஷனில், அதாவது இடம் கிடைத்தால் அங்கேதான் சேர்வேன் என்ற உறுதியோடு, முன்கூட்டியே விண்ணப்பிப்பது வழக்கம். "ப்ரீ-ரீட் எப்படி வந்தது, உங்கள் முழு ஆதரவு எனக்கு உண்டா?" என்று பையன் நேரடியாகக் கேட்க வேண்டும். ஏர்லி டிசிஷன் கட்டுப்படுத்தும் என்பதால், அதற்கு முன்பே கல்லூரியின் கட்டணக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போதும் எதுவும் அமையவில்லை, உயரம் இன்னும் வளர்கிறது என்றால், கல்லூரிக்குத் தயார்செய்யும் தனியார் பிரெப் பள்ளியில் ஒரு கூடுதல் ஆண்டு ஆடலாம். டங்கன் ராபின்சன் எக்ஸெட்டர் என்ற பிரெப் பள்ளியில் அப்படி ஒரு வருஷம் ஆடினார். ஆனால் கோர் பாடக் கணக்கு ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதிலிருந்து நான்கு ஆண்டோடு முடிகிறது. டிவிஷன் 1-க்கு அதன் பிறகு ஒரே ஒரு பாடத்தைத்தான் சேர்க்கலாம். மதிப்பெண்ணைச் சரிசெய்யப் போகும் ஆண்டாக அதை நினைக்காதீர்கள்.

முடிவு செய்த அன்றைக்கே பையன் இன்னொரு வேலை செய்ய வேண்டும். அவனோடு பேசிவந்த மற்ற கோச்சுகள் ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து, வேறு கல்லூரிக்குப் போகிறேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். என் மகன் ஐந்து பேருக்குப் போன் செய்தான், கை நடுங்க. அதில் ஒருவர் இப்போது வேறு கல்லூரியில் ஹெட் கோச். போன சீசனில் எதிரணியாக வந்தபோது, ஆட்டம் முடிந்து வரிசையில் கைகுலுக்கும் நேரத்தில் அவனை நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அம்மா அப்பா நலமா என்று கேட்டார்.